ஒரு முகவரி, பல கணினிகள்



ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் யாவும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி ஆபீசுக்கே வந்து சேரும். இன்னாருக்கு இன்ன கடிதம் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பவர் கிராணியார். உள்ளே எத்தனையோ குடும்பங்கள். வெளியுலகுக்கோ ஒரே முகவரி.

இன்று நம் வீடுகளில் இணையம் இயங்குவதும் ஏறத்தாழ இப்படித்தான். அப்பாவின் கைப்பேசி, பிள்ளையின் மடிக்கணினி, கூடத்துத் தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் ஒரே இணைப்பில் வெளியே போய் வருகின்றன. இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டதா? அல்ல. தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்த ஒரு தற்காலிக உபாயம் அது. அது எப்படி நிலைத்துவிட்டது, அதனால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பனவற்றை இன்று சற்றுச் சிந்திப்போம்.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இரு கணினிகளுக்கிடையே முதற்செய்தி அனுப்பப்பட்டது. ஆர்ப்பாநெட் எனப்பட்ட அந்த வலையமைப்பே இன்றைய இணையத்தின் முன்னோடி. வெவ்வேறு வகையான வலையமைப்புகள் தம்முள் பேசிக்கொள்வதற்கான விதிமுறைகளை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்டனர். 1981 செப்டம்பரில் அவ்விதிமுறை உறுதியான வடிவம் பெற்றது. 1983 ஜனவரி முதல் நாளன்று ஆர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது.

அவ்விதிமுறையின்படி ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதற்கு 32 இரும இலக்கங்கள் ஒதுக்கப்பட்டன. அதாவது மொத்தம் 4,294,967,296 முகவரிகள். ஏறத்தாழ 430 கோடி. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் மட்டுமே கணினி வலையமைப்பு இருந்த காலத்தில் இது வற்றாத கிணறாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஐந்தாறு கருவிகள் முகவரி கேட்டு நிற்கும் என்று அன்று எவர் எண்ணியிருப்பார்?

நம் மலேசியாவில் மீமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை 1992இல் தொடங்கியது. அன்று வீட்டு இணைப்பு என்றால் தொலைபேசிக் கம்பிதான். ஒருவர் இணையத்தில் இருந்தால் வீட்டுத் தொலைபேசி ஓயும். வீட்டுக்கு ஒரு கணினி இருந்தாலே பெரிது. எனவே பகிர்வது என்ற கேள்வியே எழவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் முகவரிகள் விரைந்து கரைவதை வல்லுநர்கள் கண்டுகொண்டனர். அவை பெரும் கட்டுகளாக வழங்கப்பட்டு வந்தன. தேவைக்கு மேல் பெற்ற நிறுவனங்கள் பல. ஆகவே கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் ஆகிய இருவர் 1994 மே மாதத்தில் ஒரு யோசனையை ஆவணமாக வெளியிட்டனர். உள்ளே இருக்கும் கணினிகள் தமக்குள் எந்த எண்ணையும் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் நிற்கும் கருவி அதனை வெளியுலக முகவரியாக மாற்றி அனுப்பட்டும் என்பதே அந்த யோசனை. இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நாட்' என்பர்.

அதே 1994இல், உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று சில எண்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் எண்ணை உங்கள் வீட்டுக் கருவிகளில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் 65,536 எண்கள் உள்ளன. உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கலாம், குழப்பம் வராது. ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்றாம் நம்பர் வீடு இருப்பதில்லையா, அதுபோல.

இனி இது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். வீட்டுக்குக் கிடைத்திருப்பது ஒரே முகவரி எனில், முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. வரும் பதில் எந்தக் கருவிக்கு உரியது என்று தெரிய வேண்டும். இணையச் செய்தி ஒவ்வொன்றிலும் முகவரியோடு போர்ட் எனப்படும் வாயில் எண்ணும் உண்டு. மகளின் கணினி 192.168.1.5 என்று கொள்வோம். அது ஒரு பக்கத்தைக் கேட்கிறது. வாசலில் நிற்கும் ரௌட்டர் அச்செய்தியில் உள்ள முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. 61002 என்று ஒரு வாயில் எண்ணையும் இடுகிறது. '61002 என்றால் மகளின் கணினி' என்று தன் பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. மகனின் கைப்பேசி கேட்டால் 61003. பதில் வரும்போது பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகின்றன. வாயில் எண்ணையும் சேர்த்து மாற்றும் இம்முறை 2001 ஜனவரியில் வந்த ஆவணத்தில் விளக்கப்பட்டது. நடைமுறையில் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இந்த நுட்பத்தை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் கணினி ஆர்வலர்களும் அடங்குவர். 1990களின் நடுப்பகுதியில் லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வசதி வந்தது. 'முகமூடி அணிதல்' என்ற பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். பழைய கணினி ஒன்றில் இரண்டு நெட்வொர்க் அட்டைகளைச் செருகி, ஒன்றை வெளி இணைப்புக்கும் மற்றொன்றை வீட்டுக்கும் விட்டால் அதுவே ரௌட்டர். கோப்புகளைச் சேமித்து வைத்தால் அதுவே வீட்டுச் சர்வர். 1999இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இணைப்பைப் பகிரும் வசதியைச் சாதாரண மக்களுக்கும் தந்தது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்போர்ட் கருவி கம்பியில்லாமல் பகிரச் செய்தது. 2001இல் நம் நாட்டில் ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் பிராட்பேண்ட் சேவை வந்தது. தொலைபேசி ஓயாமலேயே இணைப்பு நாள் முழுதும் இருக்கலாயிற்று. பகிர்வது இயல்பாகிவிட்டது.

இது நன்மை அல்லவா என்று கேட்பீர்கள். நன்மைதான். ஒரே கட்டணத்தில் வீடு முழுதும் படிக்கலாம். முகவரித் தட்டுப்பாடும் பல ஆண்டுகள் தள்ளிப் போயிற்று. ஆயினும் கண்டுபிடித்தவர்களே இதன் குறையை மறைக்கவில்லை. நீண்ட காலத் தீர்வாக இது பொருந்தாது என்று அந்த 1994 ஆவணத்திலேயே எழுதி வைத்தனர். உள் எண்களை ஒதுக்கியதை எதிர்த்து அதே ஆண்டு ஜூலையில் நால்வர் கூடி ஓர் ஆவணம் வெளியிட்டனர். உலகில் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி என்ற அடிப்படையே குலைகிறது என்பது அவர்கள் வாதம். 1996 பிப்ரவரியில் அவ்வெண்கள் மறுபடி உறுதிசெய்யப்பட்டபோது, அந்நால்வரில் ஒருவரும் அதில் கையொப்பமிட்டார். தேவை வாதத்தை வென்றது.

அக்குறைதான் என்ன? கிராணியாருக்கு ஆட்களைத் தெரியும். முன்பின் தெரியாத ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் பெயரைப் பார்த்துக் கொடுத்துவிடுவார். இயந்திரத்துக்குத் தன் பேரேட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாம் முதலில் கேட்டிருந்தால்தான் பதில் உள்ளே வரும். வெளியிலிருந்து ஒருவர் தாமாக நம்மை அழைத்தால், யாருக்கென்று தெரியாமல் அழைப்பைத் தள்ளிவிடும். அதாவது, நாம் கேட்கலாம். நம்மிடம் எவரும் கேட்க முடியாது. இன்ன வாயில் எண்ணுக்கு வருவதை இன்ன கணினிக்கு அனுப்பு என்று ரௌட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வழியுண்டு. ஆனால் ரௌட்டருக்கே சொந்த முகவரி இருந்தால்தான் அது பலிக்கும்.

இதனை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். 2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பாடங்களை ஒலிப்பதிவு செய்தோம். ஒரு பழைய கணினியை வீட்டுச் சர்வராக்கி அதில் வைத்தோம். மாணவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். வீட்டுக்குள் எல்லாம் நன்றாக வேலை செய்தது. வெளியிலிருந்து எவராலும் நுழைய முடியவில்லை. ரௌட்டரைத் திருத்தித் திருத்திப் பார்த்தோம், பயனில்லை. இரண்டு நாள் கழித்தே காரணம் விளங்கிற்று. சிம் அட்டை வழியாக வந்த எங்கள் இணைப்புக்குச் சொந்த முகவரியே இல்லை. சேவை நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கிராணியாரை வைத்து, பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தது.

அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரிக் கட்டுகள் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசிப் பங்கீட்டு நிலைக்கு வந்தது. 2012இல் சேவை நிறுவனங்களின் இரண்டாவது முகவரி மாற்றத்துக்கென்றே 100.64 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன.

முடிவில் எங்கள் பாடங்களை ஒரு பெரிய நிறுவனத்தின் சேமிப்பகத்தில் ஏற்றினோம். இரண்டு மைல் தொலைவில் இருந்த மாணவனுக்கு எங்கள் குரல் எங்கோ தூரதேசம் போய்த் திரும்பி வந்தது. பாடம் கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனாலும், வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியும் வேறெந்தக் கணினியோடும் நேரே பேசலாம் என்று தொடங்கிய இணையத்தில், நம் வீடுகள் வாங்குவோராக மட்டும் ஆகிவிட்டதை அன்று உணர்ந்தோம்.

மாற்று வழி உண்டு. ஆறாம் பதிப்பு எனப்படும் புதிய முகவரி முறை 1995 டிசம்பரிலேயே ஆவணமாக வெளிவந்துவிட்டது. அதில் 128 இரும இலக்கங்கள். மொத்த முகவரிகளை எழுதினால் 39 இலக்கம் கொண்ட எண்ணாகும். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம். 2012 ஜூன் 6ஆம் நாள் உலகின் பெரிய நிறுவனங்கள் பல இதனை நிரந்தரமாக இயக்கத் தொடங்கின. பழைய முறையும் இதனோடு சேர்ந்தே இயங்கி வருகிறது. தனி முகவரி வந்தால் காவலும் தேவை என்பதை மறவாதீர்கள். அழைப்பைத் தள்ளிவிடும் பழைய ரௌட்டர் தன்னை அறியாமலே வாசற்காவலையும் செய்து வந்தது. இனி அதற்கெனத் தடுப்பு ஏற்பாடு இருக்க வேண்டும்.

நேயர்களே, பகிர்ந்து வாழ்வது தோட்ட மக்களாகிய நமக்குப் புதிதன்று. ஒரு குழாயில் ஒரு லயமே தண்ணீர் பிடித்தது. அதேபோல் ஓர் இணைப்பை ஒரு குடும்பமே பகிர்ந்துகொள்கிறது. ஆனால் குழாயில் நீர் ஒரு பக்கமாகத்தான் வரும். இணையம் அப்படி ஆகவேண்டியதில்லை. அடுத்த முறை இணைப்பு வாங்கச் செல்லும்போது வேகத்தை மட்டும் கேட்காமல், 'எங்கள் வீட்டுக்குத் தனி முகவரி உண்டா?' என்றும் கேளுங்கள். நம் பிள்ளைகள் உலகத்திடம் கேட்டுப் பெறுவதோடு, உலகமும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கும் நாள் வரட்டும்.