வெட்டிய இரும்பு

போர்ட் வெட்டிய ரோட்டரி எஞ்சின் ஐட்லிங்கில் துள்ளுவதை முதலில் கேட்டபோது, வண்டி ரிப்பேர்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் தெரிந்தது: அது ஹிரோஷிமாவில் மாஸ்டா துரத்திய பழைய நடுக்கம்.

ஜெர்மனியின் என்.எஸ்.யு. எஞ்சினில் காற்று வெளிச்சுவர் வழியே நுழையும். மெதுவாகச் சுற்றும்போது எரிந்த புகை புதுக் கலவையில் கலக்கும். சில சுற்று எரியாமலே போகும். கெனிச்சி யமமோட்டோவின் குழு நுழைவழியைப் பக்கச்சுவருக்கு மாற்றியது, ரோட்டருக்கு இரண்டு பிளக் வைத்தது. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது.

வேகத்துக்காக அந்த வழியை அகலமாக வெட்டுகிறவர்கள் நடுக்கத்தையும் திரும்ப அழைக்கிறார்கள். 1980களின் பிற்பாதி ஆர்எக்ஸ்-7இல் ஐட்லிங்கின்போது முதல் பிளக் உச்சப்புள்ளி தாண்டி 5 டிகிரியில், அடுத்தது 20 டிகிரியில் பொறி விடும். டைமிங்கைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தால் கலவை எரிய நேரம் கிடைக்கும். நடுக்கம் குறையும், போகாது. வெட்டிய இரும்பு திரும்ப வளராதில்லையா?