1860: டமாஸ்கஸில் ஓர் அமீர்

1860 ஜூலை 9 அன்று டமாஸ்கஸில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த பகுதிக்குள் கும்பல் புகுந்தது. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். லெபனான் மலையில் துரூஸ் சமயத்தவருக்கும் மரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்டிருந்த போரின் அனல் நகரத்தை எட்டியிருந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சம உரிமை தந்த 1856ஆம் ஆண்டு உஸ்மானியப் பேரரசாணை மீதான எரிச்சலும், ஐரோப்பியத் துணி வரவால் நொடித்த நெசவாளர்களின் ஆத்திரமும் அதோடு சேர்ந்துகொண்டன. ஆளுநர் கைகட்டி நின்றார். அல்ஜீரியாவிலிருந்து வந்து 1855 முதல் அங்கே வசித்த அமீர் அப்துல் காதிர், தம்முடன் இருந்த அல்ஜீரியர்களை ஆயுதங்களோடு தெருக்களுக்கு அனுப்பினார். ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் அவருடைய வீட்டுக்கும் பிறகு கோட்டைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனர். ஒரு கிறிஸ்தவரை உயிரோடு அழைத்து வருபவருக்குப் பணம் உண்டு என்றும் அவர் அறிவித்தார்.

பிரான்சிடம் உதவித்தொகை பெற்றவர், அந்த நன்றிக்கடனைத் தீர்த்தார் என்று இதைச் சுருக்கிவிடுவோர் உண்டு. அவருடைய முந்தைய வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. 1832இல் அமீராகப் பொறுப்பேற்று, பிரெஞ்சுப் படையை எதிர்த்து 1847 வரை போரிட்ட காலத்திலேயே, எதிரியின் தலையை வெட்டிக் கொண்டுவந்து பரிசு கேட்கும் பழக்கத்துக்கு அவர் தடைபோட்டார். உயிரோடு பிடித்து வருபவனுக்கே பரிசு என்றார். 1841இல் அல்ஜியர்ஸ் ஆயர் துப்பூஷின் முயற்சியால் கைதிகள் பரிமாற்றம் நடந்தது. மறுபக்கத்தில், 1845இல் தஹ்ரா குகைகளில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கணக்கான குடிமக்களைத் தளபதி பெலிசியே புகை மூட்டிக் கொன்றார். 1847இல் அமீர் சரணடைந்தபோது, கிழக்கே போக விடுவதாகத் தந்த வாக்கை பிரான்ஸ் மீறி, அவரை ஐந்து ஆண்டுகள் சிறைவைத்தது. பழிவாங்க இவ்வளவு காரணம் இருந்தவர் 1860இல் செய்தது, போர்க்களத்தில் தாம் கடைப்பிடித்த அதே விதியைத்தான். ஒரு கறையையும் மறைக்கக் கூடாது: 1846இல் அவர் இல்லாத வேளையில் அவருடைய முகாமில் பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டனர். தலைவனின் விதி எல்லோர் கையையும் கட்டிவிடாது என்பதற்கு அதுவே சான்று.

கொன்றவர்களும் முஸ்லிம்கள்தானே, இவர் ஒரு விதிவிலக்குத்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் மைதான் பகுதியில் முஸ்லிம் பிரமுகர்கள் தம் கிறிஸ்தவ அண்டைவீட்டாரைக் காத்தனர். அங்கே கும்பலால் நுழைய முடியவில்லை. காகசஸில் ரஷ்யாவை எதிர்த்துக் கால் நூற்றாண்டு ஜிஹாத் நடத்தித் தோற்று, ரஷ்யக் காவலில் இருந்த இமாம் ஷாமில் அமீரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கொலைகளைக் கேட்டுத் தாம் பதைத்ததாகவும் அதில் சொன்னார். மார்க்கத்துக்காக வாளெடுத்த இருவரும், நிராயுதபாணியைக் கொல்வது அந்த மார்க்கத்துக்கே துரோகம் என்பதில் ஒன்றுபட்டனர். கும்பலிடம் வெறி இருந்தது. ஷரீஅத்தைக் கற்றறிந்தவர்கள் இவர்கள்.

பாதுகாப்புத் தருவது வேறு, சம உரிமை வேறு என்ற கேள்வி மிஞ்சுகிறது. நியாயமான கேள்வி. முஸ்லிம் ஆட்சியில் பிற மதத்தவருக்கான பழைய திம்மி முறையில் அடைக்கலம் இருந்தது, சமத்துவம் இல்லை. ஆனால் 1862இல் அப்போதைய அல்ஜியர்ஸ் ஆயருக்கு எழுதிய பதிலில், தம் செயலுக்கு ஷரீஅத்தோடு மனிதகுலத்தின் உரிமைகளையும் அமீர் காரணமாக வைத்தார். இரண்டும் மோதுவதாக அவர் எண்ணவில்லை. ஒன்றை மற்றொன்றுக்கு அடிபணிய வைக்கவும் இல்லை.