குருதியின் வேகமும் ஊடுகதிர்ப் படத்தின் வேகமும்

வைத்திய வரலாற்றை மேதைகளின் கண்டுபிடிப்பு வரிசையாக மாத்திரம் எழுதும் மரபு வலுவானது. அக்கண்டுபிடிப்புகளின் விலையை யார் செலுத்தினர் என்பதும் வரலாற்று வினாவே. குருதிக்கலன்களை ஊடுகதிரால் படம்பிடித்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

றொன்ட்ஜன் 1895 இல் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லின்டென்தால் ஆகிய இருவரும் உயிரற்ற கையொன்றின் கலன்களுள் கதிரை மறிக்கும் கலவையைச் செலுத்திப் படமெடுத்தனர். அதற்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் தேவைப்பட்டது. ஓடாத கலவை காத்திருந்தது. ஓடும் குருதி காத்திராது.

1927 இல் லிஸ்பனில் எகஸ் மொனிஸ், உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளைச் சோடியம் அயடைட்டுக் கரைசலின் உதவியால் படம்பிடித்தார். அதற்கு முந்திய புரோமைட்டுப் பரிசோதனையில் நோயாளி ஒருவர் உயிரிழந்திருந்தார். தனியொரு படம் ஒரு கணத்தையே காட்டும்; நாடியில் நுழையும் திரவமோ சில செக்கன்களுள் மயிர்க்குழாய்களைக் கடந்து நாளங்களை அடைந்துவிடும். எனவே 1930களில் அதே நகரில் பெரெய்ரா கல்டாஸ் அமைத்த சுழல்பொறி, ஏறத்தாழச் செக்கனுக்கு ஒன்றாக ஆறு படங்களைத் தொடர்ந்து எடுத்தது. குருதியின் ஓட்டமே கருவியின் வடிவத்தை நிர்ணயித்தது.

துடிக்கும் இருதயத்துக்கு இவ்வேகம் போதவில்லை. 1958 இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் முடியுரு நாடிகளைத் தனித்தனியே படம்பிடிக்கும் முறையைத் தொடக்கினார். பிம்பத்தைப் பிரகாசமாக்கும் கருவியும் திரைப்படச் சுருளும் இணைந்தன. செக்கனுக்கு 30, சில வேளைகளில் 60 சட்டகங்கள் வழக்காயின. வேகம் முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கருதப்பட்டது.

ஆனால் ஒவ்வொரு சட்டகமும் கதிர்வீச்சையும் கொண்டுவருகிறது. அதனை நோயாளி சில தடவைகளே ஏற்கிறார். அவருடலிற் பட்டுச் சிதறும் கதிரைத் தாதியரும் தொழில்நுட்பவியலாளரும் வைத்தியரும் நாள்தோறும் ஏற்கின்றனர். இன்று இருதயப் பரிசோதனைகள் பலவற்றில் செக்கனுக்கு 15 அல்லது 7.5 சட்டகங்களே பயன்படுத்தப்படுகின்றன. ஒரு சட்டகத்துக்கான கதிரளவு மாறாதிருப்பின், சட்டகங்களைப் பாதியாக்குதல் கதிர்வீச்சையும் பாதியாக்கும். குருதி மெதுவாகச் செல்லும் காலின் கலன்களுக்குச் செக்கனுக்கு ஓரிரு படங்களே பெரும்பாலும் போதும்.

ஆகவே, இவ்வரலாறு வேகத்தின் தொடர்ச்சியான ஏற்றமன்று. கருவி எவ்வளவு விரைவாக இயங்கவல்லது என்ற வினா, நோயைக் காண எவ்வளவு போதும் என்ற வினாவாக மாறியமையே இதன் உண்மையான வளர்ச்சி. அம்மாற்றம், கதிரை ஏற்கும் மனிதரையும் கணக்கில் எடுத்தது.