வீட்டுக்காரரின் வருகையும் குடியிருப்பவரின் அந்தரங்கமும்: பிரேசர் டவுன் வாடகை வீடுகளும் கஞ்சாச் சட்டமும்

2024 நவம்பரில் பெங்களூரு சதாசிவநகர் போலீசார் எம்.எஸ்.ஆர். நகரில் ஒரு தம்பதியைக் கைது செய்தனர். பால்கனியில் அலங்காரச் செடிகளுக்கு நடுவே தொட்டியில் கஞ்சா வளர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. செடிகளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. 2023 ஜூனில் சிவமொக்காவில் வாடகை வீட்டுக்குள் விளக்கொளியில் கஞ்சா வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போனவர்களும் உண்டு. 2021-இல் பிடதி அருகே வாடகைக்கு எடுத்த வில்லா ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் சிக்கின. பிரேசர் டவுனை ஒட்டிய தேவர ஜீவனஹள்ளிப் பக்கம் நடந்த விற்பனையைப் பின்தொடர்ந்துதான் மத்தியக் குற்றப்பிரிவினர் அந்த வில்லாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: குடியிருக்கிறவர்களை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முடிவு சட்டப்படி தவறு, வீட்டுக்காரரின் சொந்த நலனுக்கும் எதிரானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கஞ்சா வளர்ப்பவருக்கு அந்தரங்க உரிமை கேடயம் ஆகாது. ஆனால் வீட்டைச் சோதிக்கும் அதிகாரத்தைச் சட்டம் ஓர் அதிகாரியிடம் கடும் நிபந்தனைகளோடு கொடுத்திருக்கிறது. அந்த நிபந்தனை எதுவும் இல்லாத சோதனையை வீட்டுக்காரர் நடத்தத் தொடங்கினால், அதன் சுமை முழுவதும் எதையும் வளர்க்காத குடித்தனக்காரர் தலையில்தான் விழும்.

பிரேசர் டவுனை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, கண்டோன்மெண்டின் நெரிசலைக் குறைப்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பகுதி அது. பிளேக் காலத்தில் அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள்; அன்றைய கண்டோன்மெண்ட் மக்களில் தமிழர் கணிசமானோர். காற்றும் வெளிச்சமும் வரும்படி, எலி அண்டாதபடி வீடு கட்ட வேண்டும் என்ற சுகாதாரத் திட்டத்தில் எழுந்த தெருக்கள் இவை. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற அரசின் கவலை இந்தப் பேட்டையின் பிறப்பிலேயே இருக்கிறது. ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை நீக்கிப் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றிய பிறகும் மக்கள் வாயில் பிரேசர் டவுன்தான்.

மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு, வீலர் ரோடு ஓரங்களில் இருந்த காம்பவுண்டு பங்களாக்கள் பல இன்று மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் ஆகிவிட்டன. கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனங்கள். சம்ப் கீழே, தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில், மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில், பெஸ்காம் மீட்டர்கள் வரிசையாக மாடிப்படி அடியில். தொட்டி நிரம்பியதா என்று பார்க்க, ஆன்டெனாவைத் திருப்ப, வடாம் காயவைக்க என்று வீட்டுக்காரர் மாடி ஏற எப்போதும் ஒரு வேலை இருக்கும். வழியில் கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு பார்வை. பல வீடுகளில் மாற்றுச்சாவியும் அவரிடமே. இதில் பெரும்பகுதியைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. கட்டடத்தின் அமைப்பே அப்படி. ஆனால் உரிமையின் எல்லை எது என்ற கேள்வி வரும்போது வழக்கத்தைக் கொண்டு பதில் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. இன்றைய பிரேசர் டவுனில் அந்த வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதே அரிது. ஆகவே நடைமுறையில் பெரும்பாலான குடித்தனங்களை ஆளுவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், கையெழுத்திட்ட 11 மாத அக்ரிமெண்டும்தான். அச்சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, வாடகையைக் கொடுத்து நிபந்தனைகளைக் காக்கும் வரை குடியிருப்பவர் இடத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்கிறது. மற்றது, வீட்டுக்காரரும் அவரது ஆட்களும் நியாயமான நேரங்களில் உள்ளே வந்து சொத்தின் நிலையைப் பார்வையிடலாம், பழுது இருந்தால் அறிவிப்புக் கொடுக்கலாம் என்கிறது. இரண்டாவதன் நோக்கம் தெளிவு: சுவர், கூரை, குழாய், வயரிங். குடியிருப்பவரின் அலமாரி, படுக்கை, பால்கனித் தொட்டி ஆகியவை சொத்தின் நிலை என்ற வரம்புக்குள் வருவதில்லை. ஆனால் எவ்வளவு நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி 1882-இன் சட்டம் வாய் திறக்கவில்லை. தட்டச்சுக் கடையில் வாங்கும் அக்ரிமெண்டுகளோ இந்த உட்பிரிவை அப்படியே நகலெடுத்துவிட்டு நின்றுவிடுகின்றன.

2021 ஜூன் 2-ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலமோ மின்னணு வழியிலோ அறிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் நுழையக் கூடாது. தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு. மாநிலம் சட்டமாக்கினால்தான் இதற்கு உயிர். ஆனால் நியாயமான நேரம் என்றால் என்ன என்று நீதிமன்றம் கேட்கும்போது காட்டுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கையில் இல்லை. குற்றச்சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. அத்துமீறி நுழைதல் என்ற குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில், சொத்து யாருடைய அனுபோகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்திரம் யார் பெயரில் என்பதைப் பொறுத்ததல்ல. மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைந்தால் சொந்த வீட்டிலேயே வீட்டுக்காரர் அத்துமீறியவர் ஆகலாம்.

வீட்டுக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதிலில் உண்மையான பயம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடி வளர்ப்பதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதன் 25-ஆம் பிரிவு, வீட்டின் உரிமையாளர் அதைக் குற்றத்துக்குப் பயன்படுத்த அறிந்தே அனுமதித்தால் அவருக்கும் அதே தண்டனை என்கிறது. ஓய்வூதியத்தில் மாடி கட்டி வாடகைக்கு விட்ட ஒருவருக்கு இந்த வரி தூக்கத்தைக் கெடுக்கும். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்திவிட்டு இதைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் பிரிவின் பாரம் முழுவதும் அறிந்தே என்பதில்தான் இருக்கிறது. 2011-இல் போலா சிங் வழக்கில், ஒரு லாரியின் கூட்டு உரிமையாளரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர் அறிந்து அனுமதித்தார் என்பதை முதலில் அரசுத் தரப்புதான் நிறுவ வேண்டும். குற்ற மனநிலையை ஊகிக்கச் சொல்லும் 35-ஆம் பிரிவு அதற்குப் பிறகுதான் வரும் என்றது. வண்டிக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும், இரண்டும் ஒரே பிரிவில்தான் வருகின்றன. ஆக, குடியிருப்பவரின் கதவை மதித்து வெளியே நின்ற வீட்டுக்காரர் குற்றவாளி அல்ல. வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பவரின் நிலைமைதான் சிக்கல். செடி பிடிபட்ட நாளில், பார்த்திருக்க மாட்டீர்களா என்ற கேள்வி முதலில் அவரைத்தான் தேடி வரும். எட்டிப்பார்ப்பது அவருக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. அவரது அறிவுக்குச் சாட்சியைச் சேர்க்கிறது.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. படிக்கட்டில் மணம் வீசுகிறது, ஜன்னல்கள் எல்லாம் இரவு பகலாக அடைத்திருக்கின்றன, மின் கட்டணம் காரணமில்லாமல் பல மடங்கு ஏறுகிறது என்றால் சந்தேகம் நியாயமானதே. அப்போது வீட்டுக்காரர் செய்ய வேண்டியது போலீசுக்குச் சொல்வது. மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவது அவர் வேலையல்ல.

ஏன் அந்த வேறுபாட்டை இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? ஓர் அதிகாரி வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி கிடைத்த தகவலை எழுத்தில் பதிய வேண்டும். இரவில் என்றால் வாரண்டுக்குக் காத்திருக்க முடியாத காரணத்தையும் பதிய வேண்டும். நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இதை அடியோடு மீறினால் ஏற்க முடியாது என்று 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. நியாயமான காரணமின்றிச் சோதனை போட்ட அதிகாரிக்கு 58-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. வீட்டுக்காரரின் சோதனைக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. பதிவேடு இல்லை, மேலதிகாரி இல்லை, அச்சட்டத்தில் தண்டனையும் இல்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முறையற்ற சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் சாட்சியத்தை நம் நீதிமன்றங்கள் ஒதுக்குவதில்லை. 1974-இன் பூரண் மல் தீர்ப்பிலிருந்து அதுவே நிலை. தகவல் யாரிடமிருந்து வந்தது என்று அதிகாரியைச் சொல்ல வைக்கவும் முடியாது. 68-ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. குடியிருப்பவர் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டுக்காரர் கதவைத் திறந்து படமெடுத்து அனுப்பினால், அந்த நுழைவு நீதிமன்றத்தின் கண்ணில் படாமலேயே போய்விடலாம். தீர்ப்புக்குப் பிறகு சரிசெய்ய வழியில்லாத உரிமை இது. அதை வாசலிலேயே காப்பாற்றியாக வேண்டும்.

அரசியல் சாசனத்தின் பக்கம் பார்த்தால், நள்ளிரவில் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டுவதை 1962-லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக 2017 ஆகஸ்ட் 24 அன்று அறிவித்த வழக்கை நடத்தியவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, பெங்களூர்வாசி. இவை அரசுக்கு எதிரான உரிமைகள், தனியார் வீட்டுக்காரருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் 19, 21-ஆம் பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பு வாடகை வீட்டின் வாசல்வரை வருவதற்கு இன்னும் வழக்குகள் தேவை. ஆனால் பாதை திறந்திருக்கிறது.

வெளிநாட்டு ஒப்பீடு ஒன்று இங்கே பயன்படும். தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2018-இல் அந்தரங்க உரிமையை அடிப்படையாக வைத்தே, வயதுவந்தவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தனியிடத்தில் கஞ்சா வளர்ப்பதைக் குற்றமாக்குவது செல்லாது என்றது. கனடாவில் அதே ஆண்டிலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழர் நிறைந்த டொராண்டோவில் ஒன்டாரியோ வாடகைச் சட்டம் வீட்டுக்காரர் சோதிக்க வருவதற்கு 24 மணி நேர எழுத்து அறிவிப்பைக் கேட்கிறது; வரும் நேரம் காலை 8-லிருந்து இரவு 8-க்குள். அங்கே வீட்டுக்காரரின் கவலை ஈரம், பூஞ்சை, மின் இணைப்பின் பாரம். இங்கே சிறை. கவலை வேறு என்றாலும் கதவுக்கான விதி ஏன் வேறாக வேண்டும்? செடி சட்டபூர்வமாக இருப்பதால் ஒன்டாரியோ அந்த விதியை வைக்கவில்லை. 2006-இல் அது வந்தபோது அங்கேயும் கஞ்சா தடைதான்.

பெங்களூரில் கட்டுப்பாடற்ற வருகை எல்லோர் மேலும் ஒரேபோல விழுவதில்லை. குடும்பமாக வந்தவர்களைவிடத் தனியாக இருக்கும் இளைஞர், வடகிழக்கிலிருந்து வந்தவர், வெளிநாட்டு மாணவர், தனியே வாழும் பெண் ஆகியோரின் கதவுதான் அதிகம் தட்டப்படுகிறது. கஞ்சா என்ற காரணம் அந்தப் பழைய சந்தேகங்களுக்கு ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்துவிடுகிறது. வாடகை உயர்த்த ஒத்துக்கொள்ளாதவரைக் காலிசெய்ய வைக்கவும் அது உதவும். பொய்த் தகவலைத் தீய எண்ணத்தோடு கொடுத்துச் சோதனைக்குக் காரணமானவருக்கு 58-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் 2 ஆண்டு வரை சிறை உண்டு என்பதை வீட்டுக்காரர்கள் அறிவது நல்லது.

அக்ரிமெண்டில் நான்கு வரி சேர்த்தால் பெரும்பாலான சச்சரவுகள் எழாது. பார்வையிட வருவதற்கு ஒரு நாள் முன்பு காரணத்தோடு செய்தி அனுப்ப வேண்டும். குடியிருப்பவரோ அவர் சொன்னவரோ உடனிருக்க வேண்டும். உள்ளே படமெடுப்பது பழுதான இடத்தை மட்டும். தண்ணீர்க் கசிவு, தீ, எரிவாயு வாடை ஆகியவற்றுக்கு மட்டுமே மாற்றுச்சாவி. இதற்கு வாட்ஸ்அப் போதும், வக்கீல் வேண்டாம்.

மிச்சமிருக்கும் கடினமான இடம் மொட்டைமாடி. அது யாருடைய தனி அனுபோகத்திலும் இல்லை. துளசி, கறிவேப்பிலை, ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கஞ்சாத் தொட்டி இருந்தால் மாடியில் குடியிருப்பவர் அந்தரங்கம் பேச முடியாது; வீட்டுக்காரர் அங்கே எந்த நேரமும் போகலாம். ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 54-ஆம் பிரிவின் ஊகம், வளர்ந்து நிற்கும் செடியைப் பொறுத்தவரை, அந்த நிலத்தில் பயிர் செய்தவர்மேல்தான் விழுகிறது. மூன்று குடித்தனங்களும் வீட்டுக்காரரும் தண்ணீர் ஊற்றப் போகும் மாடியில் அது யார் என்று அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். காட்ட முடியாதபோது 25-ஆம் பிரிவு வீட்டுக்காரர் பக்கம் திரும்பக்கூடும். சட்டவிரோதச் சாகுபடியை உடனே தெரிவிக்க வேண்டும் என்று நிலம் வைத்திருப்பவருக்கு 46-ஆம் பிரிவு இடும் கடமை மாடித் தொட்டிக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. அதற்கு அடுத்த பிரிவு கிராம அதிகாரிகளைப் பற்றியது, அதற்கும் அடுத்தது பயிரைப் பறிமுதல் செய்வது பற்றியது. இந்த வரிசையைப் பார்த்தால் வயலுக்கென்று எழுதிய பிரிவு அது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் தொட்டியைக் கண்ணால் பார்த்துவிட்ட வீட்டுக்காரர் அந்த வாதத்தை நம்பிச் சும்மா இருப்பது விவேகமல்ல. அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மாடிச்சாவி யாரிடம், தொட்டிகள் யாருடையவை என்பதை அக்ரிமெண்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தால், அந்த நாளில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் குழப்பம் இருக்காது.