ஓத நேரம்: லிவர்பூல் பழைய டாக்கிலிருந்து நார்மண்டி வரை

கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலாவால்தான்னு பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருக்கோம். அப்போ நிலா இருக்கிற இடம் தெரிஞ்சா, கடல் ஏறும் நேரத்தைச் சொல்லிடலாமா? முடியாது. கரையின் வளைவு, கடலடி ஆழம், கழிமுகத்தின் குறுகல் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தை ஊருக்கு ஊர் மாத்திடும். நியூட்டன் 1687-லேயே காரணத்தை விளக்கிட்டார். ஆனா அந்த விளக்கத்தை மட்டும் வச்சு எந்த மாலுமியாலும் கப்பலைத் துறைமுகத்துக்குள்ளே கொண்டுவர முடியலை. அந்தக் குறையைத் தீர்த்த கதைதான் இன்னைக்கு.

இங்கிலாந்தில் மெர்சி ஆற்றின் கழிமுகத்தில் இருக்கு லிவர்பூல். பெரிய ஓதத்தில் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 9 மீட்டர் வித்தியாசம், அதாவது மூணு மாடி உயரம். தண்ணி ஏறியிருக்கும்போதுதான் கப்பல் டாக்குக்குள்ளே வர முடியும். தவறினா அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் காத்திருக்கணும், இல்லேன்னா மணல் திட்டில் தட்டி நிக்கணும்.

அங்கே டாக் மாஸ்டரா இருந்தவர் வில்லியம் ஹட்சின்சன், பழைய மாலுமி. 1764-இலிருந்து 1793 வரை, ஏறக்குறைய 30 வருஷம், பழைய டாக்கின் வாசலில் தண்ணி உச்சத்துக்கு வந்த நேரத்தையும் உயரத்தையும் குறிச்சு வச்சார். ரிச்சர்ட், ஜார்ஜ் ஹோல்டன் சகோதரர்கள் அந்தக் குறிப்புகளை வச்சுக் கணக்குப் போட்டு, 1770-இல் லிவர்பூலுக்கான ஓத அட்டவணையை அச்சிட்டாங்க. எனக்கு இதில் பிடிச்சதே, பெரிய கோட்பாட்டோட ஒரு மனுஷனோட பொறுமையும் சேர வேண்டியிருந்ததுதான்.

நூறு வருஷம் கழிச்சு, 1870-களில், வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, கப்பிகளால் ஓதத்தைக் கணிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனா அதுக்கும் அந்தந்த ஊரின் அளவீடுகளை முதல்ல கொடுத்தாகணும்.

அது சரியில்லேன்னா என்ன ஆகும்? 1943 நவம்பர் 20, பசிபிக்கின் தராவா தீவு. எதிர்பார்த்த அளவு தண்ணி ஏறலை. அமெரிக்கப் படகுகள் பவளப் பாறையில் சிக்கின. வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணியில் நடந்தாங்க. பலர் கரையை எட்டவே இல்லை.

அடுத்த வருஷம் நார்மண்டி. அதுக்கான கணக்கைப் போட்டவர் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பிட்ஸ்டன் ஆய்வகத்தில் இருந்த ஆர்தர் டூட்சன். அவருக்கு வந்த எண்களில் ஊர்ப் பெயரே இல்லை, ‘பொசிஷன் Z’-ங்கிற மாதிரி ஒரு ரகசியக் குறியீடுதான். ஜெர்மானியர் நட்ட தடைகள் வெளியே தெரியணும்னா, விடிஞ்ச உடனே தண்ணி வற்றியிருக்கணும். ஜூன் 6-ஆம் தேதி, ஒரே கரையில், மேற்கே யூட்டா, ஒமாஹாவில் 6:30-க்கு இறங்கினாங்க. கிழக்கே கோல்ட், ஸ்வார்ட் கடற்கரைகளில் 7:25. ஓதம் கிழக்கே போய்ச் சேரத் தாமதமாகும், அதனால்தான் அந்த வித்தியாசம்.

இன்னைக்கு போன்லயே ஓத நேரம் வந்துடுது. ஆனா அது எந்தத் துறைமுகத்துக்கான நேரம்னு பாருங்க. கழிமுகத்துக்குள்ளே நீங்க நிக்கிற இடத்தில் உச்ச ஏற்றம் இன்னும் தாமதமா வரலாம். நிலா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஓதம் ஊருக்கு ஊர் வேற.