வெளிப்புறக் கார் ஒளிப்படமும் கையடக்க பிளாஷும்

திறந்த வெளியில் நிற்கும் காரை, பேட்டரியில் ஓடுகிற, தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய பிளாஷ் விளக்குகளின் துணையோடு படமெடுக்கும் முறை. பிளாஷ் இருட்டை விரட்டப் பிறந்த கருவி. கார் ஒளிப்படத்தில் அதற்கு வாய்த்த வேலையோ பெரும்பாலும் சூரியனோடு மல்லுக்கட்டுவது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் தேவை எளிதில் விளங்கும். கிழக்கே வட்டக்கோட்டையில் விடிகாலையிலும் மேற்கே முட்டத்தில் அந்தியிலும் கடலைப் பார்த்துக் கேமராவை வைத்தால் சூரியன் வண்டிக்குப் பின்னால் நிற்கும். வானத்துக்கு ஒளியளவு வைத்தால் காரின் முகப்பு கறுத்துவிடும். காருக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகும்.

பிளாஷின் தொடக்கம் மக்னீசியம். 1865-இல் சார்லஸ் பியாட்சி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடின் உட்புறத்தை மக்னீசிய வெளிச்சத்தில் படமெடுத்தார். 1887-இல் ஜெர்மானியர்களான அடோல்ஃப் மீத்தேயும் யோகான்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் கலந்து பிளாஷ் பொடியை உருவாக்கினார்கள். சிவகாசித் தீக்குச்சியின் மருந்திலும் இருப்பது அதே குளோரேட்தான். புகையும் தீக்காயமும் இந்தப் பொடியோடு கூடவே வந்தன. 1929-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த கண்ணாடி பல்பு அந்த நெருப்பைச் சிறைப்படுத்தியது. ஆனால் ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்டு எட்ஜர்டன் வளர்த்தெடுத்த மின்னணு பிளாஷ், வாயுக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்னச் செய்தது. இன்றைய கருவிகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

வாகனத்தை வெளியில், செயற்கை ஒளியில், திட்டமிட்டுப் படமெடுத்தவர்களில் முதலிடம் ஓ. வின்ஸ்டன் லிங்குக்குத் தரவேண்டும். அவர் தேடிப்போனது ரயில் என்றாலும் அவருடைய புகழ்பெற்ற படத்தின் முன்னால் நிற்பது கார்கள். 1956 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்ற ஊரில், காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகளைக் கம்பியால் இணைத்து ஒரே நொடியில் வெடிக்கச் செய்தார். வரிசையாகக் கார்கள், பின்னால் புகை கக்கிப் போகும் நீராவி ரயில், திரையில் ஒரு விமானம். அத்தனை வெளிச்சத்தில் திரைக்காட்சி கழுவிப்போகும் என்பதால், விமானத்தைத் தனியே எடுத்து அச்சிடும்போது சேர்த்தார். பல படங்களை ஒன்றாக்கும் இன்றைய கார் ஒளிப்பட உத்தி அங்கேயே இருக்கிறது.

இந்தியாவில் பிளாஷ் பல்போடு பெரிய கேமராவைச் சுமந்தவர்களில் நாடறிந்தவர் ஹோமாய் வியாரவல்லா (1913–2012). அவருக்கு ‘டால்டா 13’ என்ற பெயர் வரக் காரணம் அவர் ஓட்டிய காரின் டி.எல்.டி. 13 என்ற எண். ஆனால் அவர் படமெடுத்தது தலைவர்களை, காரை அல்ல. கார் வாங்கக் காத்துக்கிடக்க வேண்டியிருந்த நாட்டில், அதை அழகாகக் காட்டி விற்கும் அவசியம் உற்பத்தியாளருக்கு இருக்கவில்லை. 1991-இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு நிலை மாறியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. அந்தக் காலத்தில்தான் ஓவர்டிரைவ், ஆட்டோகார் இந்தியா ஆகிய ஆங்கில வாகன இதழ்களும் வந்தன. பின்னர் தமிழில் மோட்டார் விகடன் வந்தது. மாதந்தோறும் புது வண்டியைப் புது இடத்தில் நிறுத்திக் காட்டவேண்டிய ஒளிப்படக்காரர்கள் ஒரு தனி இனமாக உருவானார்கள்.

அவர்களுடைய சிக்கலைக் கணக்காகச் சொல்லலாம். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால் ஷட்டர் 1/200 நொடிக்குத் லென்ஸின் துளை எஃப்/11 சரியாக இருக்கும். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண பிளாஷ் ஏறத்தாழ இந்த வேகம் வரைதான் ஒத்துழைக்கும். வானத்தை இரண்டு படி கறுக்கவைக்கத் துளையை எஃப்/22-க்குச் சுருக்க வேண்டும். கேமராத் தலையில் மாட்டும் பிளாஷின் வழிகாட்டு எண் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40-ஐ 22-ஆல் வகுக்க, ஒளி எட்டும் தூரம் 1.8 மீட்டர் என்று வரும். அதற்கு அப்பால் வெளிச்சம் போதாது. அம்பாசிடரின் நீளமோ 4.3 மீட்டர். முன்சக்கரம் பளிச்சிட, பின்சக்கரம் இருளில் கிடக்கும்.

இதற்கு இரண்டு விடைகள் வந்தன. 1986-இல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் எஃப் 280 பிளாஷ், ஒற்றை மின்னலுக்குப் பதிலாக இடைவிடாத துடிப்பாக ஒளியை உமிழ்ந்து 1/2000 நொடி வரை வேலை செய்தது. வானத்தைக் கறுக்கவைக்க அது வசதி. ஆனால் ஒளியின் வலிமை வெகுவாகக் குறையும் என்பதால் காருக்கு அரை விடைதான். முழு விடை பேட்டரியிலிருந்து வந்தது. 2013-இல் வந்த புரோஃபோட்டோ பி1, 500 வாட்-நொடி ஆற்றலையும் லித்தியம் பேட்டரியையும் ஒரே உருளையில் அடக்கி, முழு வலிமையில் 220 முறை மின்னியது. சில ஆண்டுகளில் சீனாவின் கோடாக்ஸ் அதே வகைக் கருவியை மிகக் குறைந்த விலையில் கொடுத்தபோதுதான் சிறு நகர ஸ்டுடியோக்களுக்கும் இது எட்டியது. ஜெனரேட்டரும் நீள ஒயரும் இல்லாமல் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடிவாரத்துக்கு ஒரு ஆளே விளக்கைத் தூக்கிப் போகலாம் என்றாயிற்று.

வலிமை கிடைத்ததும் அடுத்த தொல்லை முன்னுக்கு வந்தது. கார் ஒரு வளைந்த கண்ணாடி. பிளாஷை நேராக அடித்தால் கதவில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், அவ்வளவுதான். எனவே விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்து, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வழியாகவோ வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும்படியோ அடிக்கிறார்கள். அல்லது ட்ரைபாடில் கேமராவைப் பூட்டிவிட்டு, பிளாஷோடு காரைச் சுற்றி வந்து, பானெட்டுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, உள்ளிருக்கைக்கு ஒன்று என்று எடுத்து ஃபோட்டோஷாப்பில் அடுக்குகிறார்கள். அந்த மென்பொருளில் அடுக்கு வசதி வந்தது 1994-இல். நம்பர் பிளேட்டுக்கும் இதில் பங்குண்டு. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புப் பலகை, ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கேமரா மேலேயே பிளாஷ் இருந்தால் டிஎன் 74 என்ற நாகர்கோவில் எண்ணும் டிஎன் 75 என்ற மார்த்தாண்டத்து எண்ணும் ஒன்றுபோல வெளுத்து வாசிக்க முடியாமல் போகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த முறைக்கு நிலையான வாழ்வு கொடுப்பது விளம்பரத்தைவிடக் கல்யாணம்தான். சங்குத்துறையிலும் முட்டத்திலும் எடுக்கும் மணமக்கள் படங்களில் கார் மூன்றாவது ஆளாக நிற்கிறது. தோவாளைப் பிச்சிப்பூ சார்த்திய வெள்ளைக் கார் வந்துவிட்டால் கைத்திறன் தெரிந்துவிடும்: பிளாஷ் கொஞ்சம் கூடினாலும் பூவும் உலோகமும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால்தான் இதழ்களுக்கு நிழல் கிடைக்கும்.

ஏறத்தாழ 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் இங்கே அந்தி நீளாது. சூரியன் மறைந்தபின் நல்ல வெட்டம் 22 நிமிடம் அளவே. அந்த நேரத்தில் வானம் தானே மங்குவதால் சிறிய பிளாஷும் காருக்குப் போதும். விளக்குகளைப் பொழுது அடைவதற்கு முன்பே நிறுத்தி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும். அதே காற்றில் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரமாகிவிடும். மணல் மூட்டை கட்டினாலும் ஸ்டாண்டைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த மாதங்களில் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் விளக்கைக் கையில் பிடித்துப் பல படங்களாக எடுத்துச் சேர்ப்பதே பிழைக்கும் வழி. கடற்கரையில் வேலை முடிந்ததும் பிளாஷின் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து வைக்காவிட்டால், உப்புக்காற்று அவற்றைப் பூக்கவைத்து அடுத்த முறை பிளாஷை இயக்கும் ட்ரிகர் பேசாமல் செய்துவிடும்.