விட்டு வந்தவரின் மறுமொழி

சைதாப்பேட்டை என்னும் பெயரில் ‘சையித்’ என்ற சொல் இன்றும் ஒலித்துக் கொண்டிருக்கிறது. அவ்வூருக்கு மேற்கே, அடையாற்றுப் பக்கம், குன்றத்தூர் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர் அது. கிழக்கே மயிலாப்பூர். அங்கே ஒரு காலத்தில் நேமிநாதருக்குச் சமணக் கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ எனப் பெயரிட்டது அத்தீர்த்தங்கரரின் நினைவாகவே. கோயில் இன்றில்லை, அதன் திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டதாகச் சமணர் மரபு கூறுகிறது. சமணத்தைத் துறந்த ஒருவரின் வரலாற்றை எழுதிய புலவரின் ஊரும், சமணம் தன் கோயிலை இழந்த ஊரும் இவ்வாறு ஒரே பெருநகரப் பகுதிக்குள் அமைந்துவிட்டன.

கட்டுப்பாடு மிக்க ஒரு சமயக் கூட்டத்தை விட்டு வெளியேறியவர், தம் பழைய தோழர்களுக்கு எவ்வாறு மறுமொழி சொல்கிறார்? தமிழக வரலாற்றிலும் இஸ்லாமிய வரலாற்றிலும் இக்கேள்விக்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டினர். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் அவர்களுக்குத் தலைவராக விளங்கினார் என்கிறார் சேக்கிழார். பின்னர் சூலை நோய் வருத்த, தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்து சைவரானார். அதன்பின் பல்லவ மன்னன் அவரைத் துன்புறுத்தியதும், இறுதியில் அவனே மனம் மாறி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்ததும் புராணம் கூறும் செய்திகள். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நாவுக்கரசரின் தேவாரப் பாடல்களிலேயே பழைய தோழர்களுக்கான மறுமொழி இருக்கிறது. அதன் இயல்பு கவனிக்கத்தக்கது. அவர் தம் கழிந்த ஆண்டுகளை எண்ணி வருந்துகிறார். மயிர் பறித்தல், நின்றவாறு உண்ணல் போன்ற துறவு வழக்கங்களை எள்ளுகிறார். அவர் பாடியவை பக்திப் பாடல்கள். அவற்றில் சமணத் தத்துவத்தின் முறையான விளக்கத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும், பாடலிபுரம் எளிய ஊரன்று. ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூல் கி.பி. 458இல் அங்கேதான் எழுதி முடிக்கப்பட்டது. அத்தகைய கல்விக் களத்தில் தலைமை வகித்த ஒருவர் அங்கே என்ன கற்றார், எதனால் அத்தனை ஆண்டுகள் அங்கே தங்கினார் என்பதை நாம் அறிய வழியில்லை. தருமசேனரைப் பற்றி அவருடைய பழைய தோழர்கள் எழுதிய ஏடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வென்ற தரப்பின் புலவர் பாடிய காவியமே முழு வரலாறாக நிற்கிறது.

இதனினும் வியப்புக்குரியது குண்டலகேசியின் கதை. பாலி மரபின்படி, குண்டலகேசி முதலில் சமணத் துறவியாக இருந்தவள். ஊர்தோறும் நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்தவள். சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்தைத் தழுவியவள். அவள் பெயரால் நாதகுத்தனார் இயற்றிய தமிழ்க் காப்பியம், ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதற்கு மறுப்பாகச் சமணர் ‘நீலகேசி’ பாடினர். காலப்போக்கில் தமிழகத்தில் பௌத்தம் தேய்ந்தது. குண்டலகேசி நூலும் அழிந்தது. இன்று அதில் எஞ்சியிருப்பவை சில செய்யுள்களும் சிதறிய அடிகளுமே. அவற்றுள் கணிசமானவற்றை நமக்குக் காத்துத் தந்தது, நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரைதான். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் அவ்வுரையைப் பதிப்பித்தார். ஒரு நூலை மறுக்கப் புறப்பட்டவர்கள் அந்நூலின் சொற்களைச் சிதைக்காமல் எடுத்துக் காட்டியதால், மறுக்கப்பட்ட நூல் மறுப்பின் மடியிலேயே உயிர் தப்பியது.

இதே நிகழ்ச்சி பக்தாதிலும் நடந்தது. ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டில் இப்னுர் ராவந்தீ என்பவர் முஃதஸிலாக் கொள்கையை விட்டு வெளியேறினார். முஃதஸிலாக்களின் சிறப்பைப் பேசி ஜாஹிழ் எழுதிய நூலுக்கு எதிராக, அவர்களின் இழிவைப் பேசும் நூல் ஒன்றை வசைநடையில் எழுதினார். அவர் நூல் மறைந்துவிட்டது. அதற்கு மறுப்பாக முஃதஸிலா அறிஞர் அல்-கய்யாத் எழுதிய ‘கிதாபுல் இன்திஸார்’ அதன் பகுதிகளை எடுத்துக்காட்டியிருப்பதால்தான் நாம் அவரைப் படிக்க முடிகிறது. ஸ்வீடன் நாட்டறிஞர் நீபெர்க் 1925இல் கெய்ரோவில் அதனைப் பதிப்பித்தார்.

முஃதஸிலாக்கள் அறிவுக்கு முதலிடம் தந்தவர்கள் எனப் பொதுவாகப் புகழப்படுகின்றனர். அவர்களின் கடுமையையும் மறத்தலாகாது. பெரும்பாவம் செய்து தவ்பா செய்யாமல் இறந்தவர் நரகில் நிரந்தரமாக இருப்பார் என்பது அவர்களின் அடிப்படைகளுள் ஒன்று. ஹிஜ்ரீ 218இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன் தொடங்கிய ‘மிஹ்னா’ விசாரணையில், குர்ஆன் படைக்கப்பட்டது என ஒப்பும்படி உலமாக்கள் நெருக்கப்பட்டனர். ஒப்ப மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையும் கசையடியும் பெற்றார்கள்.

இந்தக் கொள்கைக்குள் வளர்ந்தவரே இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (ரஹ்). ஹிஜ்ரீ 260இல் பஸராவில் பிறந்தார்கள். முஃதஸிலாக்களின் தலைவர் அல்-ஜுப்பாயீயின் மாணவராக இருந்து, அவர் சார்பில் வாதிடும் அளவுக்கு உயர்ந்தார்கள். நாற்பது வயதளவில், ஹிஜ்ரீ 300ஐ ஒட்டி, பஸராவின் பெரிய பள்ளிவாசலில் தம் பழைய கொள்கையைக் கைவிட்டதாக மக்கள் முன் அறிவித்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அதன்பின் முஃதஸிலாக்களுக்கு மறுப்பாகப் பல நூல்கள் எழுதினார்கள்.

அவற்றுள் ஒன்றைப் பற்றி இமாமவர்களே கூறியதை இப்னு அஸாகிர் (இறப்பு ஹிஜ்ரீ 571) பதிந்துள்ளார். இறைப்பண்புகள் குறித்து முஃதஸிலாக் கொள்கையை நிறுவித் தாமே முன்பு எழுதிய நூலை அதில் மறுத்ததாகச் சொல்லும் இமாம், அந்தப் பழைய நூலுக்கு நிகரானது முஃதஸிலாக்களிடம் வேறில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். விட்டு வந்த தரப்பின் மிக வலுவான வாதத்தை எடுத்து வைத்து, அதற்கே விடை கூற முயன்ற நேர்மை இது.

‘மகாலாதுல் இஸ்லாமிய்யீன்’ என்னும் நூலில் இந்நேர்மை ஒரு முறையாகவே வடிவம் பெறுகிறது. பிரிவுகளின் கொள்கைகளைத் தொகுப்போரிடம் காணும் குறைகளை முன்னுரையில் இமாம் அடுக்குகிறார்கள்: சிலர் குறைத்துக் கூறுகின்றனர், சிலர் தவறாக எடுத்துரைக்கின்றனர், சிலர் மாற்றாரை இழிவுபடுத்த வேண்டுமென்றே பொய் புனைகின்றனர், சிலர் மாற்றார் சொல்லாததை, அவர் சொல்லிலிருந்து பெறப்படும் முடிவு என்று கருதி ஏற்றிவிடுகின்றனர். பின்னர் முஃதஸிலாக்களின் கருத்துகளை, அவர்களுக்குள் இருந்த வேறுபாடுகளுடன், வசையின்றி விரித்துரைக்கிறார்கள். ஹெல்முட் ரிட்டர் இஸ்தான்புல்லில் பதிப்பித்த இந்நூல், முஃதஸிலாக்களை ஆராய்வோருக்கு இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

இமாமவர்களின் இறுதி நேரம் குறித்து இருவகை அறிவிப்புகள் உள்ளன. முஃதஸிலாக்களைச் சபித்தவாறே இறந்தார்கள் என்பது ஒன்று. கிப்லாவை முன்னோக்குவோர் எவரையும் காஃபிர் எனத் தாம் கூறவில்லை என்றும், அனைவரும் ஒரே இறைவனையே சுட்டுகின்றனர், வேறுபாடு சொல்முறையில்தான் என்றும் அருகிலிருந்தவரைச் சாட்சியாக்கினார்கள் என்பது மற்றொன்று. பின்வந்தோர் தத்தம் மனநிலைக்கேற்ப ஒன்றைப் பற்றிக் கொண்டனர். ‘மகாலாத்’தைப் படித்தவருக்கு இரண்டாவது அறிவிப்பே நூலாசிரியரின் குரலோடு பொருந்துவதாகத் தோன்றும்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மரபில் நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருவது அஷ்அரீ அகீதாவே. நாம் யாருடைய வழியில் ஈமானின் விளக்கத்தைக் கற்றோமோ, அவரே ஒரு கூட்டத்தை விட்டு வந்தவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இன்று ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கும், ஒரு கொள்கையிலிருந்து மற்றொரு கொள்கைக்கும் பெயர்வோர் எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். வெளியேறியவர் பழையவரைப் பழிக்கிறார்; பழையவர் அவர் உள்நோக்கத்தை ஐயுறுகிறார். ஒரே மஹல்லாவில், சில வேளை ஒரே வீட்டில், ஸலாமும் அற்றுப்போகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்ற குர்ஆனின் கட்டளை (5:8) இத்தகைய வேளைக்கும் உரியதே.

மறுப்பு எழுதுவோர் எவராயினும், எழுதியதைத் தம் பழைய தோழர் ஒருவரிடம் காட்டி, “உங்கள் கருத்து இதுதானே?” என்று கேட்கலாம். அவர் ஆம் என்று தலையசைத்த பின் தொடங்கும் வாதமே அவர் செவிக்கு எட்டும்.